நேசமலர் தன் பெயரில் எழுதிய ஒன்று

கொட்டாஞ்சேனையில் முப்பது வருடமாக அச்சகம் நடத்துகிறேன். கலியாண அழைப்பிதழ், பில் புத்தகம், கோயில் நோட்டீஸ் என்று எல்லாம் அடிப்போம். ஆனால் எங்களுக்குச் சோறு போடுவது செத்தவர்கள்தான். யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளில் ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாளுக்கு ஒரு நினைவு மலர் வேண்டும். ஊரில் அதைக் கல்வெட்டு என்பார்கள். முன்பக்கத்தில் படம், பிறகு தேவாரம், வாழ்க்கை வரலாறு, பிள்ளைகள் எழுதிய ஓரிரு கட்டுரை, கடைசியில் நன்றி நவிலல். சாப்பிட்டு எழும்புகிறவர்களுக்கு ஒரு சாப்பாட்டுப் பெட்டியோடு சேர்த்துக் கையில் கொடுப்பார்கள். முப்பத்தொரு நாளுக்குள் முடிய வேண்டிய வேலை. முப்பத்திரண்டாம் நாள் கொண்டுபோனால் படியேற விடமாட்டார்கள்.

இந்த மலர்களில் பிள்ளைகள் எழுதியதாக வருவதைப் பிள்ளைகள் எழுதுவதில்லை. 'மகன் எழுதியது' என்று போட்டிருக்கும். மகன் கனடாவில் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருப்பார். எழுதியது நேசமலர். இது அச்சகத்துக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

அவர் எங்களிடம் ரைப்செற்றிங் வேலைக்கு வந்து இருபத்தாறு வருடம். வந்த இரண்டாம் வருடம் ஒரு மகள் அனுப்பிய கட்டுரையை வாசித்துவிட்டு, "இதில ஆள் இல்லை அண்ணை" என்றார்.

"ஆள் செத்துப்போச்சுத்தானே, எப்பிடி இருக்கும்" என்று நான் பகிடி விட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. அந்த மகளுக்கு ரெலிபோன் எடுத்து ஏதோ கேட்டார். மத்தியானத்துக்குள் புதிதாக ஒன்று எழுதி வைத்தார். மகள் அதை வாசித்துவிட்டு ரெலிபோனில் அழுதாள், தன்னுடைய பெயரிலேயே போடச் சொன்னாள். அன்றைக்குப் பிடித்தது இந்த வேலை.

நேசமலர் கேட்பது மூன்றே கேள்வி. காலையில் எத்தனை மணிக்கு எழும்புவார்? கோபம் வந்தால் என்ன செய்வார்? சட்டைப்பையில், பெண் என்றால் கைப்பையில், என்ன வைத்திருப்பார்? பிறந்த ஊரும் படித்த பள்ளிக்கூடமும் வகித்த பதவியும் எவரும் சொல்லுவார்கள், அதை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது என்பது அவருடைய கட்சி.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். நேசமலர் என்பது அவருடைய சொந்தப் பெயர், அதை மாற்ற மாட்டேன். மற்றவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். பின்னால் வரும் ஒரு பந்தியிலும், எவரும் தேடிப் பிடிக்காதபடி கை வைத்திருக்கிறேன். ஏன் என்று வாசிக்க விளங்கும்.

வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், ஒரு வீட்டோடு ஒட்டிய அனெக்ஸை வாடகைக்கு எடுத்து இருக்கிறார். கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்டவர்கள் இரண்டாம் முறை கேட்டதில்லை. காலை ஏழேகாலுக்கு ரயில் ஏறிக் கோட்டையில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடித்து வருவார். ரயிலில் இருக்க இடம் கிடைக்காது. நின்றபடி, அட்டையில் கிளிப் போட்ட பழைய புரூஃப் தாள்களின் பின்பக்கத்தில் எழுதுவார். வெள்ளைத் தாள் கொடுத்தால் கை ஓடாது. எழுதி முடித்ததும் மூலையில் திகதி போட்டு ஃபைலில் செருகி வைப்பார். வருடத்துக்கு ஒரு ஃபைல், அச்சக அலுமாரியில் வரிசையாக நிற்கும்.

இரண்டாயிரத்துப் பதினாறு மே மாதம் களனி கங்கை பெருகியது. ஆற்றோரம் தாழ்ந்த ஒழுங்கையொன்றில் எங்களுக்கு ஒரு கிடங்கு இருந்தது. கடதாசிக் கட்டுகளும், அடித்த ஒவ்வொரு மலரிலும் பத்துப் பிரதிகளும் அங்கேதான். தண்ணீர் வருகிறது என்று கேள்விப்பட்டு நானும் நேசமலரும் போய்ச் சேர்ந்தபோது ஒழுங்கையில் கணுக்கால் அளவு நின்றது. முச்சக்கரவண்டிக்காரர் எங்களை இறங்கவே விடவில்லை. "மிஸ், வத்துர எனவா, யமு யமு" என்று சிங்களத்தில், தண்ணீரைக் காட்டிக் காட்டித் திரும்பிப் போகச் சொன்னார். அரை மணித்தியாலம் என்று கெஞ்சி நிறுத்தினோம். நான் கடதாசிக் கட்டைத் தூக்கினேன். நேசமலர் நினைவு மலர்க் கட்டைத் தூக்கினார்.

"நேசமலர், கடதாசியைத் தூக்கும், அதுதான் எங்கட முதல்" என்றேன்.

"கடதாசி நாளைக்கும் வாங்கலாம் அண்ணை. இந்தச் சனத்தை எங்க வாங்குறது?"

சண்டை பிடிக்க நேரமில்லை. மேல்தட்டில் பாதிக்குத்தான் இடம் இருந்தது. தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் ஓடி வந்துவிட்டோம். வெள்ளம் வடிந்து அடுத்த கிழமை போனால், கீழ்த்தட்டில் இருந்தவர்கள் எல்லாரும் கூழாகிக் கிடந்தார்கள். என் கடதாசியும்தான். நேசமலர் அந்தக் கூழுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்.

"கைக்கு எட்டினதைத்தான் தூக்கினனான். ஏன் இவை, ஏன் மற்றவை இல்லை எண்டு கேட்டால் என்னட்ட மறுமொழி இல்லை" என்றார்.

அந்தக் கிழமையே ரயிலில் நாவல் தொடங்கிவிட்டது.

நாவலின் பெயர் 'இரண்டாம் மாடிக் கடல்'. நடப்பது 2084இல். கடல் ஏறி ரயில் பாதை அடியில் போய்விட்டது. வெள்ளவத்தையில் சனம் மூன்றாம் மாடிக்கு மேலேதான் சீவிக்கிறது. பஸ்ஸுக்குப் பதில் வள்ளம். வள்ளத்திலும் கொண்டக்டர் முன்னுக்குப் போகச் சொல்லிச் சிங்களத்தில் கத்துகிறார். தண்ணீர் இறைக்கும் பம்புகள் பாதி ஒழுங்கைகளுக்குத்தான் காணும். எந்த ஒழுங்கையைக் காப்பது, எதைக் கைவிடுவது என்று ஒவ்வொரு மழைக்காலமும் முடிவெடுப்பது ஒரு செயற்கை நுண்ணறிவு. அதற்குப் பெயர் பதிவாளர்.

தலையை எண்ணி முடிவெடுக்கிறது என்று சனம் கொதிக்கிறது. ஆளை அறிந்த பிறகே முடிவெடு என்று அரசாங்கம் பதிவாளருக்கு உத்தரவு போடுகிறது. அது வீடு வீடாகக் கேள்வி கேட்கிறது. காலையில் எத்தனை மணிக்கு எழும்புவீர்கள், கோபம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று. கேட்டுக் கேட்டு, உயிரோடு இருக்கிற ஒவ்வொருவருக்கும் நினைவு மலர் எழுதத் தொடங்குகிறது. எழுதி முடித்தவரை மூழ்கவிட அதனால் முடியவில்லை. மழையோ தொடங்கிவிட்டது.

"பிறகு?" என்று கேட்டேன்.

"பிறகு மழைதான்" என்றார் நேசமலர். அவருக்கே முடிவு தெரியவில்லை. மழையோடு நிற்பாட்டி வைத்திருந்தார். முந்நூற்றெண்பது பக்கம் வாசித்த மனுசனை நட்டாற்றில் விடுகிற வேலை இது என்று ஏசினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

எட்டு வருடம் எழுதினார். பதினாலாம் அத்தியாயத்தில் நிற்கும்போது, அப்படியொரு யந்திரம் உண்மையாகவே எல்லாருடைய கைபேசிக்கும் வந்து சேர்ந்தது. வெளிநாட்டுப் பிள்ளைகள் அதைக் கொண்டு அஞ்சலி எழுதி அனுப்பத் தொடங்கினார்கள். லண்டனிலிருந்து ஜனா என்ற பிள்ளை தகப்பனுக்கு அனுப்பியதில், தகப்பன் 'பன்முக ஆளுமை கொண்ட கலங்கரை விளக்கம்'. அந்த மனுசன் மருந்துக்கடை வைத்திருந்தவர், கடற்கரைப் பக்கமே போகாதவர். நேசமலர் ரெலிபோன் எடுத்தார்.

"தம்பி, அப்பாக்குக் கோவம் வந்தால் என்ன செய்வார்?"

"பேப்பரைத் தலைகீழாப் பிடிச்சுக்கொண்டு வாசிப்பார் அன்ரி. நாங்கள் சிரிக்கக்கூடாது" என்றான் ஜனா. அதற்கு மேல் கதைக்க முடியாமல் வைத்துவிட்டான். நேசமலர் அதை வைத்து எழுதினார், ஜனாவின் பெயரைப் போட்டார்.

"உம்மட பதிவாளர் வந்திட்டார் போல. பயமில்லையோ?" என்று கேட்டேன்.

"அது கேள்வி கேக்காது அண்ணை, கேக்கிறதுக்கு மறுமொழிதான் சொல்லும். கேள்வி கேக்கத் தொடங்கினால்தான் நான் பயப்பிடவேணும்."

நானூறு பேருக்கு மேல் எழுதியிருப்பார். ஒன்றிலும் அவருடைய பெயர் இல்லை, கேட்டதுமில்லை. ஆனால் நாவலை முடித்துப் பக்கம் கட்டும்போது, முதல் தாளில் 'நேசமலர்' என்று தனி வரியில் அடித்துவிட்டு, எழுத்தளவு பதினாறு புள்ளி காணுமா, பதினெட்டு வேணுமா என்று ஒரு காலைக்குள் மூன்று தரம் வந்து கேட்டார். அப்போதுதான் இந்த மனுசிக்கும் ஆசை இருக்கிறதென்று எனக்கு விளங்கியது. வெட்கமாகவும் இருந்தது. அத்தனை வருடம் நான் யோசிக்கவேயில்லை.

வெள்ளவத்தையில் இலக்கிய அமைப்பு ஒன்று நாவல் போட்டி வைத்தது. முதலாவதாக வருவதைப் புத்தகமாகப் போட்டு, மேடையில் வெளியிடுவார்கள். நேசமலர் அனுப்பினார். கடைசி மூன்றுக்குள் வந்தது. அன்றைக்கு அச்சகத்துக்கு எல்லாருக்கும் வடை வாங்கிக்கொண்டு வந்தார்.

போன வருடம் பெப்ரவரியில் அமைப்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நாவலை மென்பொருளில் போட்டுப் பார்த்தார்களாம். பதினொரு இடங்கள் இணையத்தில் இருக்கும் பழைய நினைவு மலர்களோடு வரிக்கு வரி ஒத்துப்போகின்றன. இணையத்திலிருந்து பொறுக்கி யந்திரம் எழுதிய நாவல் என்று நடுவர்கள் சந்தேகிக்கிறார்கள். பதினாலு நாளுக்குள் விளக்கம் தராவிட்டால் நாவல் நீக்கப்படும், நீக்கிய காரணமும் பெயரோடு பகிரங்கமாக அறிவிக்கப்படும். கூடவே பட்டியல் ஒன்று, எந்த வரி எந்த மலரில் என்று.

பிள்ளைகள் மலர்களை ஸ்கான் செய்து இணையத்தில் ஏற்றிவிடுகிறார்கள், அதனால் வந்த வினை. நானூறு பேருக்கு அவரவர் பெயரில் எழுதிக் கொடுத்தவருக்கு, எதைக் கொடுத்தோம், எது தன்னிடம் மிச்சம் என்று எப்படி ஞாபகம் இருக்கும்? எங்கள் தொழிலில்தான் இப்படி ஒரு பிழை வரும். தன் வீட்டில் தானே களவெடுத்த பிழை.

நான் சிரித்தேன். "இதில என்ன கஷ்டம்? ஃபைலுகளை எடும். உம்மட கையெழுத்து, மூலையில திகதி, எல்லாம் இருக்கு. கொண்டுபோய் மேசையில போடுவம்."

நேசமலர் பட்டியலை என் பக்கம் திருப்பிப் பதினோராவது வரியில் விரலை வைத்தார். 'மயிலம்மா பூபாலசிங்கம் நினைவு மலர், 2012, பக்கம் 7. எழுதியவர்: கணவர்.'

பூபாலசிங்கம் சேர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், அவர்தான் அந்தப் போட்டிக்குத் தலைமை நடுவர்.

அந்தப் பந்தி இதுதான். 'நாற்பத்தொரு வருடம் அவள் எனக்கு முன்னால் எழும்பினாள். நான் எழும்பும்போது வீட்டில் வெளிச்சம் இருக்கும். வெளிச்சம் தானாக வருவதென்று நினைத்திருந்தேன். இப்போது குசினிச் சுவரில் சுவிச்சைத் தேடுகிறேன். அது எந்தப் பக்கம் இருக்கிறதென்று எனக்குத் தெரியாது.'

அது எப்படி வந்தது என்பதை நேசமலர் அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார். 2012இல் சேரின் மகள் ஆரணி அவரைத் தெஹிவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மனுசி எத்தனை மணிக்கு எழும்புவா என்று நேசமலர் கேட்டார். சேருக்குத் தெரியவில்லை. கோபம் வந்தால் என்ன செய்வா என்றார். அதுவும் தெரியவில்லை. தண்ணீர் கொண்டு வருகிறேன் என்று எழும்பிக் குசினிக்குள் போனார். மழை இருட்டு. உள்ளே சுவரைத் தடவிக்கொண்டு நின்றார். நேசமலர் வாசலில் நின்று அதைப் பார்த்தார். அடுத்த நாள் ரயிலில் எழுதினார். சேர் வாசித்தார், கீழே கையெழுத்துப் போட்டார், முப்பத்தோராம் நாள் எழுந்து நின்று எல்லாருக்கும் படித்துக் காட்டினார்.

"சுவரைத் தடவினது அவர். நான் பாத்தனான், அவ்வளவுதான்" என்றார் நேசமலர்.

"பாத்து எழுதினது நீர்தானே? மற்றப் பத்துக்கும் ஃபைலைக் காட்டுவம். பதினோராவதை விடுவம்."

"பத்தில ஆறு பிள்ளையளின்ர பேரில கிடக்கு. ஃபைலைத் திறந்தால் அந்தப் பிள்ளையள் எல்லாம் வெளியில வரும். பதினோராவதை விட்டால் அதுக்கு நான் கள்ளி. சொன்னால் அவர் கள்ளன். என்னெண்டு பாத்தாலும் ஒராள் தாழவேணும் அண்ணை."

"தாழட்டும். உம்மட பேர் நாறப்போகுது, அவற்ற பேரை நீர் காப்பாத்துறீரோ?"

அவர் கொம்பியூட்டர் பக்கம் திரும்பி ஒரு கலியாண அழைப்பிதழைக் கட்டத் தொடங்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனுசி வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்கு வாய் கொடுத்துவிட்டு, தனக்கென்று திறக்க வேண்டிய நேரத்தில் மூடிக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை, அவருக்குச் சொல்லாமல், 2012 ஃபைலை ஒரு பையில் போட்டுக்கொண்டு தெஹிவளைக்கு பஸ் ஏறினேன்.

சேர் தனியாகத்தான் இருந்தார். எண்பத்தொரு வயது. ஆரணி கலியாணம் முடித்து வத்தளையில். என்னை அடையாளம் கண்டு, "வாங்கோ வாங்கோ, பிரஸ்காரர்" என்று இருத்தினார். தேத்தண்ணி போடுகிறேன் என்று எழும்பினார். குசினி வாசலில் அவருடைய கை பார்க்காமலே சுவிச்சுக்குப் போனது. வெளிச்சம் வந்ததும் கண்டேன். சுவிச்சுக்கு மேலே, சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் மலரின் ஏழாம் பக்கம் தொங்கியது.

நான் அதைப் பார்ப்பதைக் கண்டு, "இதுதான் அது" என்றார். "இதை எழுதுமட்டும் எனக்கு இந்தச் சுவிச்சு எங்கயெண்டு தெரியாது. நம்பமாட்டியள். முப்பத்தஞ்சு வருசம் கணக்குப் படிப்பிச்சவன் நான். கதை, கவிதை எண்டு ஒண்டும் வாசிச்சதில்லை. இதை எழுதின பிறகுதான் வாசிக்கத் தொடங்கினன். கூட்டங்களுக்குப் போகத் தொடங்கினன். சனம் கதைக்கக் கூப்பிட்டுது. அவ போய் எனக்கு இதைத் தந்திட்டுப் போனா."

பொய் சொல்கிற முகம் இல்லை அது. பதின்மூன்று வருடமாக ஒவ்வொரு நாளும் வாசித்து வாசித்து, தானே எழுதியதாக முழுதாக நம்பிவிட்டார். பொய் சொல்லியிருந்தால் எனக்கு வேலை சுலபம். பையைத் திறந்து மேசையில் கொட்டியிருப்பேன்.

"அதை ஒரு பிள்ளை மெசினுக்குள்ள போட்டு அரைச்சு எடுத்திருக்கிறா" என்றார் சேர். "கோவமில்லை. நெஞ்சு நோகுது. மயிலத்துக்கெண்டு என்னட்ட இருக்கிறது இந்த அஞ்சு வரிதான்."

தேத்தண்ணி சூடாக இருந்தது. அவர் போட்டது, நல்ல தேத்தண்ணி. குடித்து முடிக்கும்வரை பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

"பையுக்க என்ன?"

"பழைய கடதாசி சேர்" என்றேன். எழும்பி வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை நேசமலர் அலுமாரியில் 2012க்கு இடம் காலியாக இருப்பதைக் கண்டுவிட்டார்.

"போனனீங்களோ?"

"போனனான்."

"காட்டினியளோ?"

"இல்லை."

தலையை ஆட்டினார். பிறகு அமைப்புக்குக் கடிதம் அடித்தார். அடித்ததை எனக்குக் காட்டினார். 'பதினோராம் இலக்கத்திலுள்ள வரிகள் திரு. பூபாலசிங்கம் அவர்களுடையவை. பக்கம் கட்டியபோது வாசித்தது மனதில் நின்று, அறியாமல் நாவலில் வந்துவிட்டது. மற்ற வரிகளும் அவ்வாறே வந்தவை. மன்னிக்கவும். நாவலைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.' ஒரு வரி அதிகமுமில்லை, குறைவுமில்லை. நான் வாசித்துவிட்டு, "நீர் ஒரு விசரி" என்றேன். எனக்கு அழுகை வந்தது, அதனால்தான் ஏசினேன்.

அப்படியும் அமைப்பு தன் அறிவித்தலில் யந்திரச் சந்தேகத்தோடு சேர்த்து அவருடைய பெயரைப் போட்டது. வெள்ளவத்தைச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு நிற்கும்போது ஒருத்தி, "நீங்கள்தானே ஏஐ-யால நாவல் எழுதினது?" என்று கேட்டாளாம். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லையாம். மூன்று மாதம் ரயிலில் அட்டையை வெளியே எடுக்கவில்லை. வேலைக்கு வந்தார், பக்கம் கட்டினார், போனார்.

ஜூனில் ஒரு நாள் பதினாறு தாள் கொண்டு வந்து என் மேசையில் வைத்தார். பழைய புரூஃப், பின்பக்கம் எழுத்து, மூலையில் திகதி. பதினொரு இடங்களும் மாறியிருந்தன. நாவலுக்கு முடிவும் வந்திருந்தது.

புதிய முடிவில் பதிவாளர் முப்பத்தேழாம் ஒழுங்கைக்கு வருகிறது. அங்கே செத்துப்போன ஒரு மனுசியின் பெயர் பட்டியலில் அழிபடாமல் கிடக்கிறது. அவவின் வீட்டைக் காப்பதா விடுவதா என்று எழுத வேண்டிய இடத்தில் பதிவாளர் எழுதுகிறது: 'இந்தப் பெண்ணுக்கு நான் எழுதவில்லை. கணவர் எழுதிவிட்டார். அதைவிட எனக்கு ஒன்றும் தெரியாது.' அதோடு அரசாங்கத்துக்கு அறிவிக்கிறது: 'இப்படி யார் யாருக்கு யார் யார் எழுதி வைத்திருக்கிறார்களோ, எனக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் எவருடைய பெயரிலும் கோடு போட மாட்டேன். நீங்கள் கூடிக் கதையுங்கள்.' சனம் மொட்டைமாடிகளில் கூடிச் சண்டை பிடிக்கிறது. ஏசிக்கொள்கிறது. கடைசியில் பம்புகளை முறை வைத்து ஒழுங்கைக்கு இரண்டு மணித்தியாலம் என்று பிரிக்கிறார்கள். எல்லா வீட்டிலும் முழங்கால் அளவு தண்ணீர். ஒரு வீடும் மூழ்கவில்லை.

"நடக்கிற காரியமோ இது?" என்று கேட்டேன்.

"இப்ப நடவாது எண்டுதானே 2084 எண்டு போட்டனான்" என்றார்.

நானே அடித்தேன். முந்நூறு பிரதி, என் கடதாசி. அட்டையில் அவருடைய பெயரை இருபத்துநாலு புள்ளியில் போட்டேன். பெரிதென்றார். வாயை மூடும் என்றேன். மேடையும் இல்லை, பேச்சும் இல்லை. முதற் பிரதியை மெசின் ரூமில் நின்று அவரே வாங்கிக்கொண்டார். இரண்டாவது பிரதியைத் தெஹிவளைக்குத் தபாலில் அனுப்பினார். அங்கிருந்து மறுமொழி வரவில்லை.

இந்த வருடம் தைப்பொங்கல் கழிந்து பூபாலசிங்கம் சேர் காலமானார். ஐந்தாம் நாள் ஆரணி அச்சகத்துக்கு வந்தாள், தகப்பனுக்கு மலர் அடிக்க. படங்கள், பெயர் விபரம், எல்லாம் ஒரு உறையில். கையில் 'இரண்டாம் மாடிக் கடல்' இருந்தது.

"அன்ரி, இது அப்பான்ர தலைமாட்டில கிடந்தது. நீங்கள் எழுதினதுதானே. இதில ஒண்டு கேக்கவேணும்" என்று ஒரு பக்கத்தை விரித்தாள்.

முப்பத்தேழாம் ஒழுங்கைப் பக்கம். 'கணவர் எழுதிவிட்டார்' என்ற வரிக்குக் கீழே பென்சிலால் கோடு. பக்கத்தில், கணக்கு வாத்தியாரின் நறுக்கென்ற எழுத்தில், ஒரே ஒரு சொல். 'இல்லை.'

"அப்பா ஏன் இப்பிடி எழுதி வச்சவர்?"

சேருக்குத் தெரிந்திருக்கிறது. நேசமலரின் கடிதத்தைக் கண்டு ஞாபகம் வந்ததா, நாவலை வாசித்து வந்ததா, இனிக் கேட்க ஆளில்லை. நேசமலர் அந்தப் பக்கத்தை வைத்த கண் வாங்காமல் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. இப்போது சொல்லுவார் என்று நினைத்தேன். சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். சேரே 'இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டாரே.

"தெரியேல்லை பிள்ளை" என்றார் நேசமலர். புத்தகத்தை மூடி அவளிடமே கொடுத்தார்.

"அம்மாக்கு அப்பா எழுதினது இருக்கெல்லே, அதைப் பின் அட்டையில போடவேணும். பழைய மலர் கொண்டுவர மறந்திட்டன்" என்றாள் ஆரணி.

நேசமலர் கொம்பியூட்டர் பக்கம் திரும்பினார். எதையும் பார்க்காமல் ஐந்து வரியையும் அடித்தார்.

"அன்ரிக்குப் பாடமோ?"

"ஓம். நல்லா எழுதியிருக்கிறார் எல்லே" என்றார். அதன் கீழே 'பூபாலசிங்கம்' என்று அடித்து, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தார்.

பிறகு அட்டையை எடுத்தார். ஒரு பழைய புரூஃப் தாளைத் திருப்பிக் கிளிப் போட்டார். மூலையில் திகதியை எழுதிவிட்டு ஆரணியைப் பார்த்தார்.

"அப்பா காலமை எத்தினை மணிக்கு எழும்புவார்?"

"நாலரைக்கு அன்ரி. எழும்பினவுடன குசினி லைற்றைத்தான் போடுவார். பிறகுதான் முகம் கழுவுறது."

நேசமலர் எழுதிக்கொண்டார்.